எண்ணெயும் நடையும்: இரண்டும் சேர்ந்தால்தான் பலன்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் காலை நடை முடிந்ததும், “நடந்தாச்சே, ரெண்டு வடை சாப்பிட்டா என்ன?” என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. அரை மணி நேர நடையில் செலவாவதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அதற்காக எண்ணெயே கூடாது என்பதில்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என மாற்றி மாற்றி, அளந்து ஊற்றுங்கள். வனஸ்பதியும், பொரித்து மிஞ்சிய எண்ணெயும் வேண்டாம்.

நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அதனால் சாப்பிட்டபின் சிறிது நடப்பது நல்லது. வாரம் 150 நிமிடமாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

“நடக்கிறோமே” என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திருச்சியிலும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ (2021) திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வரும். சந்தேகமா? 104-ஐ அழையுங்கள்.