கருவிழிக்கு வைத்த காவல்

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று தென்காசியை உலுக்கி எடுத்துவிடும். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். குற்றாலத்தில் சாரலாக முகத்தில் படுகிற அதே காற்று, கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கம் புழுதியை வாரிக்கொண்டு போகிறது. இத்தனைக்கும் முகம் கொடுத்துத் திறந்தே இருக்கிறது நம் கண்.

கருவிழியின் முன்படலம் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒளி தடையில்லாமல் உள்ளே போகட்டும் என்று படைத்தவன் அதில் ஒரு ரத்தக் குழாய்கூட வைக்கவில்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தை விலக்கியவன் நரம்பை விலக்கவில்லை. தோலில் இருப்பதைவிடச் சில நூறு மடங்கு நெருக்கமாக நரம்பு முனைகளை அங்கே பரப்பியிருக்கிறான். துளி மணல் விழுந்தாலும் உயிர் போவதுபோல் உறுத்துவது அதனால்தான். அந்த வலியை அருள் என்றே சொல்வேன். தொழுநோயாலோ அக்கியாலோ நெடுநாள் சர்க்கரை நோயாலோ கருவிழி உணர்ச்சி இழந்தவருக்குப் புண் வந்தாலும் தெரிவதில்லை.

சின்னக் கீறல் என்றால் சுற்றியுள்ள செல்கள் நகர்ந்து வந்து ஓரிரு நாளில் மூடிவிடும். டாக்டர் ஆரஞ்சுச் சாயத்தாளைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சம் காட்டும்போது, கீறிய இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். ஆறஆற அந்தப் பச்சை சுருங்கிக்கொண்டே வரும்.

கீறியது நெல் என்றால் கதை வேறு. கார், பிசான அறுவடையில் தாளோ சுணையோ கண்ணில் பட்டால், கூடவே பூஞ்சையும் நுழையலாம். வலி குறையாமல் கூடும், வெளிச்சம் பார்க்க முடியாது, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி விழும். அப்போது பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் விடக் கூடாது. நாக்கால் தூசி எடுப்பதும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இன்னும் மோசம். சிவப்பு குறைந்ததுபோல் தெரியும், பூஞ்சை ஆழமாக இறங்கும்.

அந்தப் பூஞ்சைக்கு மருந்தையும் மண்ணிலேயே வைத்திருக்கிறான் இறைவன். நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தென்னாப்பிரிக்க நேட்டால் மண்ணில், 1950களில் கிடைத்த நுண்ணுயிர் தந்ததுதான் நாட்டமைசின். அதைவிடப் புதிய வோரிகோனசோலோடு ஒப்பிட்டு அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. நாட்டமைசினே மேல் என்று தெரிந்தது.

கண்கட்டியும் மெட்ராஸ் ஐயும் பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஆனால் தலைவலி, வாந்தியோடு கண் திடீரென்று வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விழியை அசைத்தால் வலித்து, பார்வையும் மங்கினால் பார்வை நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டால் அந்த நொடியே நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் வண்டி தேட வேண்டும்.

லென்ஸ் போடுகிறவர்கள் அருவிக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள். நன்னீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கினால், வெளியே தெரியும் சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு வலிக்கும். அப்படி வலித்தால் மிச்ச அருவிகளை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.