முதலில் கட்டையைப் பாருங்கள்

பண்ணைப்புரத்தில் இளையராஜா வளர்ந்த காலத்து வாத்தியம் ஆர்மோனியம். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடப் போனபோதெல்லாம் அந்தப் பெட்டியும் கூடவே போனது. மேற்கத்திய இசையை இளையராஜா முறையாகப் படித்தது 1968க்குப் பிறகு, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. ஆனால் தேனிப் பக்கத்தில், பண்ணைப்புரத்தைச் சுற்றியுள்ள கோம்பையிலும் தேவாரத்திலும் உத்தமபாளையத்திலும் ஆர்மோனியத்துக்குப் பின் வந்தது கீபோர்டு. வீரபாண்டித் திருவிழா போன்ற இடங்களின் மெல்லிசைக் கச்சேரியிலும் கிறிஸ்தவ ஆலயங்களின் பாடகர் குழுவிலும் நம் காதில் விழுவது அதுதான். ஆகவே இங்கே ஒருவர் பிள்ளைக்கு பியானோ வாங்கக் கிளம்பினால், ஆர்மோனியத்தையும் கீபோர்டையும் கேட்டுப் பழகிய காதோடுதான் கடைக்குப் போகிறார். 'எத்தனை சவுண்டு இருக்கு?' என்பதே முதல் கேள்வியாக வருகிறது. பியானோ வாங்கும்போது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆர்மோனியத்தில் கட்டை என்பது காற்றுக்கான கதவு, அவ்வளவுதான். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் உள்ளே இருக்கும் நாக்கு ஒரே மாதிரிதான் அதிரும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியை அசைக்கும் இடது கையின் வேலை. பியானோவில் துருத்தி கிடையாது. சத்தம் முழுக்க விரலிடம் இருக்கிறது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் மெடிச்சி இளவரசரின் வாத்தியங்களைப் பராமரித்த பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, 1700 வாக்கில் இந்த வாத்தியத்தை உருவாக்கியதே அதற்காகத்தான். அன்றிருந்த ஹார்ப்சிகார்டில் கம்பியை மீட்ட மட்டுமே முடிந்தது. விரலுக்கு ஏற்ப உரக்கவும் மெதுவாகவும் வாசிக்க வழி இல்லை. அவர் மீட்டுவதை விட்டுவிட்டு, சுத்தியலால் அடிக்கும்படி செய்தார்.

கிறிஸ்டோஃபோரியின் கெட்டிக்காரத்தனம் சுத்தியலில் இல்லை, அதை விட்டுவிடும் இடத்தில் இருக்கிறது. கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குகிறது. அந்தப் பயணம் முடியச் சற்று முன்பே உள்ளே இருக்கும் நெம்புகோல் சுத்தியலிலிருந்து விலகிக்கொள்கிறது. கடைசித் துளித் தூரத்தைச் சுத்தியல் தன்போக்கில் பறந்து கடந்து, கம்பியில் மோதித் திரும்புகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் சோளக்காட்டில் கவண் சுற்றிக் குருவி விரட்டியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: கல் கையை விட்ட பிறகு கை என்ன ஆட்டம் ஆடினாலும் கல்லின் வேகம் மாறாது. கச்சேரி மேடையில் பியானோக்காரர் கட்டையை அழுத்தியபடி மணிக்கட்டை நெளிப்பதெல்லாம் பார்ப்பவர்களுக்காக. கம்பிக்கு அது தெரியாது.

ஆக, பியானோவில் ஒரு ஸ்வரம் உரக்க வருவதும் மென்மையாக வருவதும் ஏறக்குறைய ஒரே ஒரு அளவைப் பொறுத்தது: சுத்தியல் கம்பியைத் தொட்டபோது இருந்த வேகம். நாகஸ்வரத்தில் மூச்சு, சீவாளியின் மேல் உதட்டின் அழுத்தம், துளையைப் பாதி மூடும் விரல் என்று நொடிக்கு நொடி மாறும் விஷயங்கள் பல உண்டு. அதை ஒரு மின்னணுப் பெட்டிக்குள் அடைக்க முயன்றவர்கள் இன்றும் திணறுகிறார்கள். பியானோவை அடைக்க முடிந்ததற்குக் காரணம், அதில் பிடிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு வேகம்தான் என்பது.

டிஜிட்டல் பியானோ அதை எப்படிப் பிடிக்கிறது? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழ்களில் இரண்டு மின்தொடர்புகள், ஒன்று சற்று முன்னதாகவும் மற்றது சற்றுப் பின்னதாகவும் மூடும்படி இருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகம் அதிகம். அந்த வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. இந்த எண் முறை 1983இல் வந்த மிடி என்ற பொதுமொழியின் ஒரு பகுதி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடிவது அதனால்தான். இரண்டு தொடர்புகள் மட்டும் இருந்தால் ஒரு குறை உண்டு. கட்டை முழுக்க மேலே வந்த பிறகுதான் அதே ஸ்வரத்தை மறுபடி ஒலிக்க முடியும். மூன்றாவது தொடர்பு இருந்தால், பாதி எழுந்த கட்டையை மீண்டும் அழுத்தினாலும் ஒலிக்கும். வேகமாக ஒரே கட்டையைத் தட்டும் இடங்களில் இந்த வித்தியாசம் விரலுக்கு உடனே தெரியும்.

நல்ல டிஜிட்டல் பியானோவின் கட்டைக்குள் கம்பி இல்லையே தவிர சுத்தியல் உண்டு, அல்லது அந்த எடையைத் தரும் ஒரு சிறு இரும்புக்கை உண்டு. இதைத்தான் ஹாமர் ஆக்‌ஷன் என்கிறார்கள். நிஜ பியானோவில் மந்தர ஸ்தாயிச் சுத்தியல்கள் பெரியவை, தாரத்துக்குப் போகப் போகச் சிறுத்துவிடும். அதற்கேற்ப இடப்பக்கக் கட்டை சற்றுக் கனமாகவும் வலப்பக்கக் கட்டை லேசாகவும் இருக்கும்படி செய்திருந்தால் அது கிரேடட் ஹாமர். கீபோர்டில் இவை எதுவும் இல்லை, வெறும் ஸ்பிரிங்.

'வெயிட்டட் கீஸ்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. சோதிக்க ஒரு கைப்பிடிச் சில்லறை போதும். டீக்கடையில் இன்னமும் சந்தேகத்தோடு திருப்பித் தரும் பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.7 கிராம் இருக்கும். நிஜ பியானோவின் நடுக்கட்டை இறங்க ஏறத்தாழ 50 கிராம் வேண்டும், ஆறேழு நாணயங்கள். கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். சுத்தியல் உள்ள கட்டை ஒரு கட்டம் வரை அசையாமல் நின்று, பிறகு மெல்லத் தன்பாட்டுக்கு இறங்கும். ஸ்பிரிங் கட்டையோ முதல் நாணயங்களுக்கே கொஞ்சம் இறங்கி, பாதி வழியில் நிற்கும். இன்னும் வைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஸ்பிரிங்கை அழுத்த அழுத்த அதன் எதிர்ப்பு கூடும், சுத்தியலின் எடை கூடாது என்பதே காரணம். சுத்தியல் விலகும் இடத்தைப் போலச் செய்த சிறு கணு உள்ள மாடல்களில், நாணயங்களோடு இறங்கும் கட்டை அடிவரை போகாமல் அந்தக் கணுவில் தங்கலாம். அது குறையல்ல.

எடையைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொன்று கட்டையின் உள்நீளம். பெரிய பியானோவில் கண்ணுக்குத் தெரிவது கட்டையின் ஒரு பகுதிதான். மிச்சம் பலகைக்குப் பின்னால் நீள்கிறது. மலிவான மாடல்களில் அச்சு மிக அருகிலேயே இருக்கும். நுனியில் அழுத்தும்போது சரியாக இருக்கும் கட்டை, கருப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே தள்ளி அழுத்தினால் கல்லாகிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே பலத்தில் வாசித்துப் பாருங்கள். விலை குறைந்த பியானோக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

இனி ஒலி. பெரும்பாலான கருவிகள் ஒரு பெரிய கச்சேரி பியானோவைக் கட்டை கட்டையாக, பல வேகங்களில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, நீங்கள் அழுத்தும்போது பொருத்தமான பதிவை எடுத்து விடுகின்றன. மலிவானவற்றில் பதிவு அடுக்குகள் குறைவு. மிக மெல்லியதிலிருந்து மிகப் பலமானது வரை ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் குரல் சட்டென்று மாறுவது கேட்கும். மந்தரத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக் காத்திருங்கள். நிஜக் கம்பியின் ஒலி அசைந்து அசைந்து, நிறம் மாறித் தேயும். நினைவகத்தில் மிச்சம் பிடித்த கருவியில் சில நொடிகளுக்குப் பிறகு ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். பெடலை மிதித்தபடி நிறைய ஸ்வரங்களை உருட்டினால், பழையவை நடுவே அறுந்து போகின்றனவா என்றும் கேளுங்கள். ஒரே நேரத்தில் 64 ஒலிகளைத் தாங்கும், அதாவது 64 குரல் உள்ள கருவி தொடக்கநிலை மாணவருக்கு எங்கும் தடையாகாது. 256 என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

நான் ஒலியைக் கட்டைக்குக் கீழே வைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், கட்டையை மாற்ற முடியாது. பெட்டியின் ஸ்பீக்கர் பிடிக்காவிட்டால் நல்ல ஹெட்போன் வாங்கலாம். அதுவும் போதாதென்றால் யுஎஸ்பி கம்பியால் லேப்டாப்பில் இணைத்து, பியானோடெக் போன்ற மென்பொருளிலிருந்து ஒலியை எடுக்கலாம். அது பதிவுகளை எடுத்து ஒலிக்கவிடுவதில்லை, கம்பியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்குகிறது. விரலுக்கும் பெட்டிக்கும் இடையில் இருப்பதோ நீங்கள் முதல் நாள் வாங்கிய கட்டைதான்.

சந்தையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ரோலண்ட் நிறுவனத்தின் எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ் இரண்டிலும் இருப்பது பிஎச்ஏ-4 என்ற ஒரே கட்டை அமைப்பு. விலை கூடிய எஃப்பி-30எக்ஸில் 256 குரல், 56 வகை ஒலி, பக்கத்துக்கு 11 வாட் ஸ்பீக்கர். விலை குறைந்ததில் 96 குரல், 15 வகை ஒலி, 6 வாட். விரலுக்கு வித்தியாசமில்லை. கைக்காசு குறைவாக இருந்தால் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

40,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய்க்குள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் காசியோ சிடிபி-எஸ்110, யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10 ஆகிய மூன்றில் வந்து நிற்பார்கள். கவாய் இஎஸ்120 இந்த வரம்புக்கு மேலே போய்விடும். பட்ஜெட் நீளுமானால் அதையும் வாசித்துப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் 88 கட்டை உண்டு. காசியோ இவற்றில் லேசானது, பத்தரைக் கிலோ. இடம் மாற்றி மாற்றி வைக்கும் வீட்டுக்குச் சரி. யமஹாவின் ஒலி தெளிவானது, ஊரில் விற்கப் போனாலும் பெயருக்கு மதிப்பு உண்டு. கட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் எஃப்பி-10 பக்கம். அதில் மூன்று தொடர்பும் உண்டு, சுத்தியல் விலகும் கணுவும் உண்டு. எதுவானாலும் இணையத்தில் பொத்தானை அழுத்துவதற்கு முன் மதுரைக்கு ஒரு நடை போய், கையால் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் அகலப்பாதை ரயில் வந்துவிட்டதால் அந்த நடை இப்போது அவ்வளவு சிரமமில்லை. கடையில் வால்யூமை முழுக்க அணைத்துவிட்டும் கொஞ்சம் வாசியுங்கள். கட்டை அடியில் மோதும் தடதடப்பு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்கப்போவது அதுதான்.

எல்லோருக்கும் பியானோதான் வேண்டும் என்பதில்லை. பையன் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கப் போகிறான், ஆலயத்தில் பாட்டுக்கு ரிதம் போட்டு வாசிக்கப் போகிறான் என்றால் 61 கட்டை கீபோர்டே சரி. அதை வாங்கிவிட்டு ஏக்கப்பட ஒன்றுமில்லை. யமஹாவுக்குச் சென்னைக்கு அருகே தொழிற்சாலையே இருக்கிறது, 2019 முதல் கீபோர்டுகள் அங்கே தயாராகின்றன. டிரினிட்டி இசைத் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் எந்தக் கருவிக்கான தேர்வு என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டங்கள். ஒன்றுக்குத் தயாராகி, மற்றொன்றை வீட்டில் வைத்துக்கொண்டு முழிக்கும் குடும்பங்கள் உண்டு.

நிஜ பியானோவையே வாங்கினால் என்ன? அதில் 200க்கும் மேற்பட்ட கம்பிகள். மொத்த இழுவிசை 20 டன்னை நெருங்கும். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம், ஆனால் ஒலிக்கும் பலகை மரம். ஆனி, ஆடிக் காற்றில் காய்ந்து, ஐப்பசி அடைமழையில் ஊறும் நம் தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அந்த மரம் சுருங்கி விரிய, சுருதியும் கூடவே இறங்கி ஏறும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க ஆள் வரவேண்டும். டிஜிட்டலுக்கு இந்தச் செலவு இல்லை. சில வாட் மின்சாரம்தான், சாதாரண இன்வெர்ட்டரே தாங்கும்.

ஆனால் அதற்கும் எதிரிகள் உண்டு, முதல் எதிரி தூசி. ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதி ரப்பர் குமிழ்களுக்குள் போய்விட்டால், இரண்டு தொடர்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கருவி தப்பாக அளக்கும். மெல்லத் தொட்ட ஒரு கட்டை மட்டும் திடீரென்று அலறும். சில நேரம் ஊமையாகும். பழைய டிஜிட்டல் பியானோ வாங்குகிறவர்கள் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முடிந்த அளவு மெல்லமாக அழுத்திப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். ஒன்றிரண்டு அலறினால் பதறவேண்டாம். பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் சரியாகிவிடும், விலையைக் குறைத்துக் கேட்கவும் அது போதுமான காரணம். கட்டை பக்கவாட்டில் ஆடினாலோ, அழுத்திய கட்டை எழாமல் தங்கினாலோ மட்டும் பணத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு ஜன்னலோரம் வைக்காமல், துணி போட்டு மூடி வையுங்கள். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஆடும் என்பதால் நான்கு கால் உள்ளதாகப் பாருங்கள். கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 சென்டிமீட்டர் இருக்கட்டும். கூடவே தரும் சின்ன பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும்; அடியில் ஒரு ரப்பர் மிதியடியைப் போட்டுவிடுங்கள்.