பீரோவில் தூங்கிய புத்தகம்

வா கண்மணி, இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். இன்று ஒரு நல்ல கேள்வியோடு வந்திருக்கிறேன். கேள்வி என்னுடையது இல்லை. என் அண்ணன் மகளுடையது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். உன்னைப் போலவே எதையும் சும்மா விடமாட்டாள்.

போன கோடை விடுமுறையில் தாத்தாவின் பீரோவிலிருந்து அவளுக்கு ஒரு புதையல் கிடைத்தது. பழைய துண்டில் சுற்றி வைத்த இ-ரீடர். மின்புத்தகம் படிக்கிற பலகை. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதற்காகவே தாத்தா அதை வாங்கினார். ஐந்து வருடம் அதில் நாவல் நாவலாகப் படித்தார். பிறகு கண்ணில் ஆபரேஷன் ஆனது. கதைகளைக் காதால் கேட்கப் பழகிவிட்டார். பலகை பீரோவுக்குள் போய் மூன்று வருடம் ஆயிற்று.

அதைச் சார்ஜரில் மாட்டினாள். வெகுநேரம் கழித்து உயிர் வந்தது. குதித்தாள். ஆனால் இரண்டே நாளில் மறுபடி அணைந்துவிட்டது.

"சித்தப்பா, தாத்தா மாசத்துக்கு ரெண்டு தடவைதான் சார்ஜ் போடுவாராம். எனக்கு ரெண்டு நாளுக்கு மேல வரமாட்டேங்குது. இதுக்கு வயசாயிடுச்சா?"

எவ்வளவு அழகான கேள்வி பார். பேட்டரிக்கு வயதாகுமா? ஆகும். எப்படி ஆகிறது என்பதுதான் சுவாரசியம். அதற்கு முன், இந்தப் பலகை ஏன் இவ்வளவு குறைவாக மின்சாரம் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டம் விட்டிருக்கிறாயா? பட்டம் மேலே நிற்க வேண்டுமென்றால் காற்று விடாமல் வீச வேண்டும். காற்று நின்றால் பட்டம் இறங்கிவிடும். செல்போன் திரை அப்படித்தான். நீ ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதற்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இ-ரீடர் திரை வாசலில் போட்ட கோலம் மாதிரி. போடும்போது மட்டும்தான் கைக்கு வேலை. போட்ட பிறகு அது பாட்டுக்குக் கிடக்கும். அடுத்த கோலம் போடும்போது மறுபடி வேலை.

அந்தத் திரைக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு தலைமுடியின் தடிமன் அளவே உள்ள குட்டிக் குட்டி உருண்டைகள். லட்சக்கணக்கில். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்சாரத்தை ஒரு பக்கம் காட்டினால் வெள்ளை மேலே வரும். மாற்றிக் காட்டினால் கறுப்பு மேலே வரும். வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். இதற்கு இ-இங்க் என்று பெயர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரும், பாரெட் கமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரண்டு மாணவர்களும் இதில் வேலை செய்தார்கள். 1997-ல் இதற்கென்று ஒரு நிறுவனமே தொடங்கினார்கள்.

புரிந்ததா? பக்கம் புரட்டும்போதுதான் திரைக்குப் பசி. நீ படிக்கும்போது அது பட்டினி கிடக்கும்.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. பென்சிலை எடு.

2018-ல் வந்த கிண்டில் பேப்பர்வைட் என்ற இ-ரீடருக்கு, ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆறு வாரம் வரும் என்று சொன்னார்கள். ஆறு வாரம்! ஆனால் கூடவே மூன்று நிபந்தனைகள். தினமும் அரை மணி நேரம்தான் படிக்க வேண்டும். வைஃபை அணைந்திருக்க வேண்டும். வெளிச்சத்தை நடுத்தரமாக வைக்க வேண்டும். ஆறு வாரம் என்றால் 42 நாள். நாளுக்கு அரை மணி. மொத்தம் எத்தனை மணி நேரம்? 21. சபாஷ்!

என் அண்ணன் மகள் விடுமுறையில் தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிற பெண். அவள் கையில் இருந்தால் புத்தம் புதுசுகூடப் பத்து நாளைக்கு மேல் கொஞ்சம்தான் வந்திருக்கும். ஆகவே "வாரக்கணக்கில் வரும்" என்று பெட்டியில் பார்த்தால் உடனே எவ்வளவு நேரம் என்று வகுத்துப் பார்த்துவிடு.

ஆனாலும் பத்து நாள் எங்கே, இரண்டு நாள் எங்கே?

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் வேறு திருடர்களைத் தேடினோம். வைஃபை சதா இயங்கிக்கொண்டிருந்தது. அணைத்தோம். திரை வெளிச்சம் உச்சத்தில் இருந்தது. குறைத்தோம். அவள் ஒரே நாளில் நாற்பது புத்தகங்களை உள்ளே ஏற்றியிருந்தாள். அப்படி ஏற்றினால், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கருவி உட்கார்ந்து பட்டியல் போடத் தொடங்கும். நீ தேடினால் உடனே காட்ட வேண்டும் அல்லவா? அந்த வேலை முடியும்வரை மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். சார்ஜரில் மாட்டி ஓர் இரவு விட்டோம். கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டோம்.

மூன்று நாள் வந்தது. அவ்வளவுதான். இன்னொன்றும் கவனித்தாள். நாற்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்துவிட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பேட்டரிதான் என்று.

இந்தப் பலகைக்குள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. உன் வீட்டுச் செல்போனில் இருப்பதும் இதே வகைதான். 1991-ல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்க உதவிய ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ என்ற மூன்று பேருக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது குட்இனஃப் தாத்தாவுக்கு வயது 97! நோபல் பரிசு வாங்கியவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

பேட்டரியை ஒரு மாடிப் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள். மாடியில் ஒரு வகுப்பு. அது கிராஃபைட், பென்சில் முனையில் இருக்குமே, அதே பொருள். கீழ்த்தளத்தில் ஒரு கூடம். அது கோபால்ட் கலந்த ஓர் ஆக்சைடு. லித்தியம் அயனிகள்தான் பள்ளிப் பிள்ளைகள்.

மணி அடிக்கிறது. பிள்ளைகளுக்கு எப்போதும் கீழே ஓடத்தான் ஆசை. உள்படிக்கட்டு வழியாக இறங்குகிறார்கள். ஆனால் ஒரு விதி. புத்தகப் பைகளை உள்படிக்கட்டில் கொண்டுவரக் கூடாது. பைகள் வெளியே உள்ள சறுக்குமரம் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்தப் பைகள்தான் எலக்ட்ரான்கள். அவை வெளிவழியே போகும்போது நமக்கு வேலை செய்துவிட்டுப் போகின்றன. அதுதான் மின்சாரம்.

எல்லோரும் கீழே வந்துவிட்டால் பேட்டரி காலி. சார்ஜர் மாட்டுகிறாயே, அது என்ன செய்கிறது? பிள்ளைகளையும் பைகளையும் மறுபடி மாடிக்கு ஏற்றிவிடுகிறது.

இதுவரை சரிதானே? இல்லையென்றால் மேலே இருந்து ஒருமுறை படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

இனிமேல்தான் வயதாகிற கதை. பால் காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஏடு படிகிறது, பார்த்திருப்பாய். பேட்டரியை முதன்முதலில் சார்ஜ் செய்யும்போது மாடி வகுப்பின் வாசலிலும் ஒரு மெல்லிய ஏடு படியும். அது கெட்டது இல்லை. அது வகுப்பைக் காக்கிறது. ஆனால் அது நாளாக ஆகத் தடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவை தடிக்கும்போதும் சில பிள்ளைகள் அந்த ஏட்டில் ஒட்டிக்கொண்டுவிடுவார்கள். மணி அடித்தாலும் வரமாட்டார்கள். ஓடுகிற பிள்ளைகள் குறைந்தால் மின்சாரமும் குறைந்துபோகும். ஏடு தடித்துவிட்டதால் மற்றவர்களும் வாசலில் நெருக்கியடித்துத்தான் வர முடியும். அதனால்தான் கிழட்டுப் பேட்டரி நாற்பது சதவீதத்திலேயே மயங்கி விழுகிறது.

பொதுவாக இந்த வகைப் பேட்டரியை 300 முதல் 500 தடவை முழுசாகத் தீர்த்துத் தீர்த்து ஏற்றினால், அதன் கொள்ளளவு புதிதில் இருந்ததில் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கும். தாத்தா மாதத்துக்கு இரண்டு தடவை. வருடத்துக்கு 24. ஐந்து வருடத்துக்கு 120. பார்த்தாயா! 300-ல் பாதிகூட இல்லை.

அவளும் இங்கேதான் என்னை மடக்கினாள். "அப்ப பேட்டரி புதுசு மாதிரி இருக்கணுமே சித்தப்பா?"

மாம்பழத்தைப் பற்றி யோசி, கண்மணி. காயைப் பறித்து வைக்கோலில் பொத்தி வைக்கிறோம். யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனாலும் அது பழுக்கிறது. விட்டால் அழுகியும் போகிறது. கதகதப்பான இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம். பேட்டரியும் இப்படித்தான். பயன்படுத்தினால் மட்டும் தேய்வதற்கு அது செருப்பு இல்லை. சும்மா கிடந்தாலும் உள்ளே வேதிவினை நடந்துகொண்டுதான் இருக்கும். ஏடு தடித்துக்கொண்டுதான் இருக்கும். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வேகம் கூடும். நூறு சதவீதம் ஏற்றி அப்படியே மாதக்கணக்கில் வைத்தாலும் வேகம் கூடும்.

அப்படியானால் காலியாக வைக்கலாமா? அது இன்னும் மோசம். இ-ரீடரை அணைத்து வைத்தாலும் துளித்துளியாய்க் கசிவு இருக்கும். காலியான பேட்டரியிலிருந்து மேலும் கசிந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கிவிடும். தாத்தாவின் பலகை காலியாகத்தான் பீரோவுக்குப் போனது. பாதி சார்ஜில் வைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் அது இன்னும் தெம்பாக இருந்திருக்கும். அந்த மூன்று வருடத் தூக்கம், தாத்தா படித்த ஐந்து வருடத்தைவிட அதிகமாக அதை வாட்டிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டில் யாரோ சொன்னார்கள், "பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமே." எனக்கு மனசு கேட்கவில்லை. திரை நன்றாக இருக்கிறது. உள்ளே உள்ள சில்லு நன்றாக இருக்கிறது. தாத்தா அடிக்கோடிட்ட வரிகள் அப்படியே இருக்கின்றன. வயதானது பேட்டரி ஒன்றுக்குத்தான். சைக்கிள் டியூப் பழசானால் சைக்கிளையா வீசுவோம்?

2007-ல் வந்த முதல் கிண்டிலின் பின்மூடியைக் கையாலேயே கழற்றலாம். பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாம். 2009-ல் வந்த இரண்டாவது கிண்டிலில் அந்த வசதி போய்விட்டது. கருவிகள் மெலிந்தன, மூடிகள் இறுகின, பல கருவிகளில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியும் விட்டார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. கையில் எடுத்துச் செல்கிற கருவிகளின் பேட்டரியை, வாங்கியவரே கழற்றி மாற்ற வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வர வேண்டும். நல்ல சட்டம்.

இப்போது ஒரு கண்டிப்பான பேச்சு. பேட்டரியை நீயாக ஒருபோதும் கழற்றாதே. குத்தினாலும் மடக்கினாலும் அது தீப்பிடிக்கலாம். கருவியின் முதுகு உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. சரியா? தலையாட்டு பார்க்கலாம்.

நாங்கள் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். கருவியின் மாடல் எண்ணைச் சொல்லிப் பேட்டரியை முன்னமே வரவழைத்திருந்தோம். கடைக்கார அண்ணன் முதலில் கருவியை அணைத்தார். அணைத்தாலும் திரையில் ஒரு பறவைப் படம் நிற்கும் வகை அது. ஓரங்களைச் சுடுகாற்றால் இளக்கினார். கிட்டார் மீட்டுகிற சில்லு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டால் மெல்ல நெம்பினார். இரும்பைக் கிட்டேயே கொண்டுவரவில்லை. திரைக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடி இருக்கிறது, கொஞ்சம் வளைந்தாலும் விரிசல் விட்டுவிடும் என்றார். அந்தப் பொறுமையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

பழைய பேட்டரியின் மீது 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தது. புதியதிலும் அதே எண். இணைப்பு முனையும் ஒன்றே. என் அண்ணன் மகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் "சரி அண்ணா" என்றாள்.

கடைக்கார அண்ணன் பழைய பேட்டரியை இணைப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். அதைக் குப்பையில் போடக் கூடாது. இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுவதாக அண்ணன் சொன்னார்.

நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தப்பா! பேட்டரி மேசை மேல இருக்கு. பறவை இன்னும் இங்கயே இருக்கு!"

திரையைக் காட்டினாள். கருவிக்குள் ஒரு துளி மின்சாரம் இல்லை. பறவை மட்டும் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடைக்கார அண்ணனும் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"கோலம்," என்றாள் அவள், மெதுவாக.