விரதத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள்

புரட்டாசி சனிக்கிழமை. தளிகை போட்டு, மாவிளக்கு ஏற்றி, இலை போட மதியம் ஒன்றரை மணி ஆகிவிடும். வீட்டுப் பெரியவர் அதுவரை வெறும் தண்ணீர்தான். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் காலை எட்டு மணிக்கே போட்டுவிடுகிறார். பன்னிரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. “பசி மயக்கம், சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்று வீட்டார் பூஜையை முடிக்க அவசரப்படுகிறார்கள். நடப்பதோ ரத்தச் சர்க்கரைத் தாழ்நிலை. கவனிக்காமல் விட்டால் வலிப்பு, நினைவிழப்பு, மரணம் வரை போகக்கூடியது.

விரதம் இருப்பதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு மாத்திரையின் நேரமோ அளவோ மாறியிருக்கும். நம் ஊரில் உணவையும் மருந்தையும் தீர்மானிப்பதில் சாமிக்கும் சடங்குக்கும் பெரிய பங்கு உண்டு. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறாமல் போவதுதான் ஆபத்து.

எந்த மருந்துக்கு எவ்வளவு கவனம்?

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. வயிறு காலியாக இருந்தாலும் அவை தம் வேலையைச் செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும் வாய்ப்பு குறைவு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. தண்ணீரும் குடிக்காத நோன்பில் இவற்றால் உடல் வறண்டுபோகலாம், நீண்ட பட்டினியில் ரத்தத்தில் கீட்டோன் கூடலாம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை போடுபவர்களுக்கும் உடல் வறளும் ஆபத்து உண்டு.

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ அன்றைய விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். தாழ்நிலை என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108ஐ அழையுங்கள்.

மதமே கொடுக்கும் விலக்கு

நோயாளி விரதத்தை விட்டால் தெய்வக் குற்றம் என்ற பயம் பலருக்கு உண்டு. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களிக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம். தீராத நோயுள்ளவர் ஏழைக்கு உணவளித்து ‘ஃபித்யா’ கொடுக்கலாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அப்படியும் நோற்க விரும்புபவர் ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. நோன்பு தொடங்குமுன் உண்ணும் ஸஹர் உணவைத் தவிர்க்கக் கூடாது, முடிந்தவரை கடைசி நேரத்தில் சாப்பிட வேண்டும். இஃப்தாரில் நோன்புக் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத் எல்லாம் ஒரே மூச்சில் சேர்ந்தால், பகலெல்லாம் தாழ்ந்திருந்த சர்க்கரை ராத்திரி எகிறும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஒருசந்தி 18 வயதில் தொடங்கி, 60ஆம் வயது தொடங்கும்போது முடிந்துவிடுகிறது. அந்த வயதுக்குள் இருந்தாலும் நோயாளிக்குக் கட்டாயமில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் விரத நாட்களில் வழக்கமான மருந்தை நிறுத்தக் கூடாது என்று கேரள சுகாதாரத் துறை சீசன்தோறும் அறிவுறுத்துகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பம்பையிலிருந்து நீலிமலை ஏறும்போதுதான் இதயம் சோதனைக்குள்ளாகிறது.

பிரசவப் பத்தியம்

பத்தியத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பால்சுறாப் புட்டும் மீன் குழம்பும் பிள்ளை பெற்றவளுக்குப் புரதம் தருபவை. கீரையும் நல்லது. ஆனால் ‘வயிறு பெருத்துவிடும்’ என்று தண்ணீரைக் குறைப்பது மலச்சிக்கலையும் நீர்க்கடுப்பையும் கொண்டுவரும். பாலூட்டுபவளுக்குத் தாகத்துக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ‘குளிர்ச்சி’ என்று பழங்களை ஒதுக்குவதிலும் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது உண்மையல்ல. அதை நம்பி மாத்திரையைத் தூர எறியும் கர்ப்பிணிக்கு ரத்தசோகை மிச்சம்.

பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது பல குடும்பங்களில் பாசமான சடங்கு. நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பார். அதில் தேன் சேர்ந்தால் ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரியவர் பிள்ளையை மடியில் வைத்து வாழ்த்தினாலே சடங்கு நிறைவேறிவிடும்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

பாக்கெட் உணவில் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். மருந்துக்கு அப்படிக் குறி போடும் கட்டாயம் இல்லை. கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. இன்சுலினும் முன்பு பன்றி, மாட்டிலிருந்துதான் வந்தது. பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறியது. சைவ உறையிட்ட கேப்ஸ்யூல், மாத்திரை, சிரப் என்று பல மருந்துகளுக்கு மாற்று உண்டு. கேட்காமல் மருந்தைக் குப்பையில் போடுவதைவிட, கேட்டு மாற்றிக்கொள்வது மேல்.

உங்கள் உரிமை

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. நோயையும் மருந்தையும் பற்றிய விளக்கம், விவரமறிந்த சம்மதம், இரண்டாவது மருத்துவரின் கருத்து, மதம் சாதி பார்க்காத சிகிச்சை ஆகியவை அதில் அடக்கம். மாற்றுவழியையும் ஆபத்தையும் விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மனநிலை தெளிவாக உள்ள வயதுவந்தவர், ஒரு சிகிச்சையை மத நம்பிக்கைக்காக வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் வேண்டாம் என்றால் என்ன நேரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சொல்லுங்கள்.

நம்பிக்கையைக் காசாக்குபவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. சர்க்கரை நோயை அடியோடு தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

எங்கே புகார் செய்வது?

- சைவக் குறியிட்டு அசைவம் கலந்திருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம். பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள்.
- கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். வழிகாட்டலுக்கு 1915.
- டாக்டரின் தொழில்முறைத் தவறுக்கு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில்.
- உடல்நல ஆலோசனைக்கு, 104.

அடுத்த முறை டாக்டர் முன் உட்காரும்போது நான்கைச் சொல்லுங்கள், கேளுங்கள்: எந்த நாட்களில், எத்தனை மணி நேரம் விரதம், தண்ணீர் உண்டா இல்லையா, அன்று மாத்திரையை எப்போது, எவ்வளவு போடுவது, என்ன அறிகுறி வந்தால் விரதத்தை முடிப்பது. பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், வீட்டில் உள்ளவர்களும் படிக்கட்டும். ‘இதெல்லாம் எதுக்குய்யா?’ என்று சிரித்து ஒதுக்கும் டாக்டராக இருந்தால், வேறொருவரைப் பார்ப்பதும் உங்கள் உரிமைதான்.