அச்சேறும் நிழற்படமும் புள்ளிக் கணக்கும்

கல்லூரி மலர் கைக்கு வந்ததும் பழைய மாணவர் முதலிற் புரட்டுவது கட்டுரைப் பக்கத்தையன்று. குழுப்படங்கள் உள்ள பக்கத்தையேயாம். கட்டுரையாசிரியர்கள் இதனையிட்டு வருந்துவதிற் பயனில்லை. ஆயின், அப்படங்களில் முகங்கள் மங்கிக் கிடப்ப, கீழேயுள்ள பெயர் வரிசையைக் கொண்டே ஆளை ஊகிக்க நேருமிடத்துக் குறை அச்சகத்தாருடையது என்று கூறிவிடுகின்றோம். பெரும்பாலும் அக்குறை, படம் அச்சகத்தைச் சேருமுன்னரே நேர்ந்துவிடுகின்றது.

அச்சியந்திரம் சாம்பல் நிறத்தை அறியாது. கறுப்பு மையைத் தாளில் இடும். அல்லது இடாது விடும். இளநிழலையுங் கடுநிழலையும் அது காட்டுவது, சிறியவும் பெரியவுமான மைப்புள்ளிகளை நெருக்கி இட்டு நம் கண்ணை மயக்குவதனாலேயாம். துணிவலையினூடாக ஒளியைச் செலுத்திப் படத்தைப் பிரிக்கும் எண்ணத்தை இங்கிலாந்தவரான பொக்ஸ் டல்பொட் 1852 இல் தமது காப்புரிமையிற் குறித்தார். 1880 மார்ச் 4 இல் நியூயோர்க்கின் 'டெய்லி கிராபிக்' பத்திரிகை, அரைத்தொனி எனப்படும் இவ்வகையில் ஒரு நிழற்படத்தை அச்சிட்டது. வலையின் தொழிலை இன்று கணினி செய்கின்றது, தத்துவம் மாறவில்லை. அச்சான படமொன்றைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குவோர் அப்புள்ளிகளை இன்றுங் காணலாம்.

புதினத்தாளில் ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ 85 வரிசை மைப்புள்ளிகளும், வழவழப்பான தாளில் 150 வரிசைகளும் இடுதல் வழக்கம். ஒரு வரிசைக்கு இரண்டு படப்புள்ளிகள் இருப்பின் படம் தெளிவுறும். அச்சகத்தார் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி கேட்பது இதனாலேயாம். படப்புள்ளி என்பது கமரா பதிவுசெய்யும் பிக்சல். மைப்புள்ளி வேறு, இது வேறு.

ஈண்டுதான் பலர் மயங்குகின்றனர். பிரிதிறன் என்பது கோப்பினுள் எழுதப்பட்ட எண் அன்று. மொத்தப் படப்புள்ளிகளை அச்சிடும் அகலத்தால் வகுத்து வரும் ஈவே அது. 4000 புள்ளி அகலமுள்ள படம் 13 அங்குல அகலத்துக்குப் போதும். கணினியில் 72 என்றிருந்த எண்ணை 300 என மாற்றியதும் படம் திருந்திவிட்டதென எண்ணுவது, துணியை நீட்டாது அளவுகோலை மாற்றியமைக்குஞ் செயலையொக்கும். மென்பொருள் இடையிடையே புதுப்புள்ளிகளை நிரப்பவும் வல்லது. அவை அயற்புள்ளிகளைக் கொண்டு ஊகித்தவையே; முகத்திலிருந்து வந்தவையல்ல.

இக்கணக்கு மிக வேண்டப்படுவது, மறைந்த ஆசிரியர் ஒருவரின் நினைவுக்குறிப்புக்குக் குழுப்படத்திலிருந்து அவருருவை மாத்திரம் வெட்டியெடுக்கும் வேளையிலாகும். வரிசையில் இருபதுபேர் நிற்கின்றனர் எனக் கொள்வோம். 4000 புள்ளியில் ஒருவருக்கு 200 கிடைக்கும். முக்கால் அங்குலத்துக்குஞ் சற்றுக் குறைந்த அகலத்தில் அச்சிடலாம். அதே படம் வட்ஸ்அப் வழியாக 1600 புள்ளியாகச் சுருங்கி வந்திருப்பின் ஒருவருக்கு 80 புள்ளியே. அதனை இரண்டங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 40 புள்ளியாகும். மூக்குங் கண்ணாடியும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஆகவே படத்தை ஆவணமாக இணைத்து, அல்லது மின்னஞ்சலில் மூலக்கோப்பாகவே அனுப்புதல் வேண்டும். கோப்புப் பெரிதாயின் மலர்க் குழுவினர் சினப்பர் என்று அஞ்ச வேண்டுவதில்லை, சிறிதாயினே சினப்பர்.

வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய படத்தை ஸ்கான் செய்வோர்க்கும் இதுவே விதி. தாளில் அரையங்குலமே உள்ள உருவை இரண்டங்குலமாக்க வேண்டின் பெருக்கம் நான்கு; நானூன்று மடங்கான 300, அதாவது 1200 இல் ஸ்கான் செய்தல் தகும். ஆயினும் பழந்தாளில் இல்லாத நுணுக்கத்தை எந்த எண்ணும் தாராது; ஓரெல்லைக்கு மேல் தாளின் சொரசொரப்பே பெரிதாகும்.

1992 இல் நியமமான ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கெட்டுச் சதுரங்களாக்கி, கண் எளிதிற் காணாத நுண்வேறுபாடுகளைக் கழித்துக் கோப்பைச் சுருக்குவது. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் மீண்டுங் கழிவு நேரும். ஆதலின் திருத்தும்பொழுது டிஃப் கோப்பாக வைத்து, ஈற்றில் ஒருமுறை மாத்திரம் உயர்தர ஜேபெக் ஆக்குவது நன்று. வண்ணப்படமாயின், திரையின் ஒளிநீலம் மையில் அவ்வாறே வாராதென்பதை அறிந்து, நிறமாற்றத்தை அச்சகத்தாரிடம் விட்டுவிடுவதே என் கருத்து.

மூலப்படம் அழிந்து பழைய மலரிலுள்ள அச்சுப்படம் மாத்திரம் எஞ்சியிருப்பின் இடர் வேறு. அதிலுள்ள பழைய மைப்புள்ளிகளும் புதிய புள்ளிகளும் ஒன்றன்மேலொன்று விழுந்து, முகத்திற் பாய்விரித்தாற்போன்ற கோலம் தோன்றும். ஸ்கான் மென்பொருளில் அரைத்தொனி நீக்கும் அமைப்பிருப்பின் அதனைத் தெரிவுசெய்க. இன்றேல் 600 இல் ஸ்கான் செய்து, சற்று மங்கச் செய்து, பின் அளவைக் குறைத்தல் கோலத்தைத் தணிக்கும். மூலப்படம் கையிலுள்ளோர் பின்புறத்தே பெயர்களை மெல்லிய பென்சிலால் எழுதுக. அழுத்தி எழுதிய பேனாவின் தடம் முன்புறத்தில் எழும்பி ஸ்கானிலும் விழும்.