கைதட்டிய கனவான்கள்

யோஷிவாராவின் விடுதிக்குள் போகும் சாமுராய் வாசலிலேயே வாளைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். வெளியே அவன் அந்தஸ்து எதுவானாலும், உள்ளே பணமும் பேச்சுச் சாதுரியமும்தான் செல்லும். எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) அந்தக் கணிகையர் தெரு 1713-இல் யமமுரா-சா என்ற கபுகி அரங்கில் மேடையேறியது. நாயகன் பெயர் சுகெரோகு. நடித்தவர் இரண்டாம் இச்சிகாவா தஞ்சூரோ.

பின்னாளில் மெருகேறி நிலைத்த வடிவத்தில் கதை இது. அகெமகி பேர்போன கணிகை. இக்யூ என்ற தாடிக் கிழவர் அவளுக்காகப் பணத்தைத் தண்ணீராக இறைக்கிறார். அவள் மனமோ அடாவடிக்காரனான சுகெரோகுவிடம். கிழவர் அவனைத் திருடன் என்று ஏச, ஊர் பார்க்க அவரை வெளுத்து வாங்குகிறாள் அகெமகி. ஜனங்கள் காத்திருப்பதே இந்த இடத்துக்குத்தான். (அந்த அகெமகியும் ஓர் ஆண்தான். பெண்கள் கபுகியில் நடிக்க 1629-லேயே தடை வந்துவிட்டது.)

விலையுயர்ந்த இருக்கைகளில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் யார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். எடோவின் குராமே பகுதி அரிசித் தரகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாமுராய்களுக்குச் சம்பளம் அரிசியாகத்தான் வரும். அதைக் காசாக்கித் தருவதும், அடுத்த தவணை அரிசியை ஈடாக வைத்து வட்டிக்குக் கொடுப்பதும் இவர்கள் தொழில். 1724-இல் இவர்களுக்குச் சங்கம் அமைந்தபோது மொத்தம் 109 பேர். பணம் கொட்டியது, ஆனால் சமூக ஏணியில் வணிகனுக்குக் கடைசிப் படி. அவர்கள் மேடையில் பார்த்தது, காசு இருந்தும் பெண்ணிடம் ஏச்சு வாங்கும் ஒருவரை. கோபம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஒருவரும் தம்மை இக்யூவாக நினைக்கவில்லை, எல்லோரும் சுகெரோகு! சிலர் அவனைப் போலவே உடுத்திக்கொண்டு யோஷிவாராவில் வலம் வந்தார்கள்.

அங்கே ஒரு சொல் புழங்கியது: 'ட்சூ'. செலவழிக்கத் தெரிந்தவன், எதையும் வாய்விட்டுக் கேட்காதவன், ரசனைக்காரன். அதற்கு எதிர்ப்பதம் 'யாபோ', நம் ஊர்ப் பேச்சில் பட்டிக்காட்டான். எவ்வளவு கொட்டினாலும் ட்சூ பட்டத்தை விலைக்கு வாங்க முடியாது. அதைக் கொடுப்பதும் பறிப்பதும் ஒரு கணிகையின் உதட்டுச் சுழிப்பு.

அந்தக் கணிகையோ பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்தவள். உடுத்தும் பட்டும் அவள் கணக்கிலேயே கடனாக ஏறும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உச்சியில் இருந்த சிலருக்கு மட்டும். நடிகனை 'ஆற்றுப்படுகைக்காரன்' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். நடிகர்களிலேயே முன்னணியினருக்கு 'ஆயிரம் ரியோ (பொற்காசு) நடிகர்' என்ற பெயரும் உண்டு. ஆக, எடோவின் நாகரிகத்தைத் தீர்மானித்த இருவருக்கும் சமூகத்தில் மதிப்பான இடம் கிடையாது.

மேடையில் நடந்தவரை அரசு பொறுத்துக்கொண்டது; மேடையைத் தாண்டியதும் பொறுக்கவில்லை. 1714-இன் தொடக்கத்தில், பாலகனான ஷோகனின் (ஆட்சித் தலைவரின்) தாய்க்குப் பணிபுரிந்த எஜிமா என்ற உயர்பதவிப் பெண், கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் யமமுரா-சாவுக்குள் நுழைந்தாள். இக்குஷிமா ஷிங்கோரோ என்ற நடிகர் அங்கே இருந்தார். நாடகமும் விருந்துமாகப் பொழுது போய், கோட்டைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. அந்தப்புரத்தில் ஏற்கெனவே இரண்டு கட்சிகள். எதிர்க்கட்சிக்கு அவல் கிடைத்தது. ஷிங்கோரோவை மியாகே தீவுக்கும் எஜிமாவை மலைநாட்டுத் தகாதோவுக்கும் நாடு கடத்தினார்கள். அவளுடைய அண்ணனுக்கு மரண தண்டனை. யமமுரா-சாவை இழுத்து மூடினார்கள்; எடோவில் நான்காக இருந்த பெரிய அரங்குகள் மூன்றாயின.

சுகெரோகு மட்டும் தப்பினான். 1716-இல் நகாமுரா-சா அரங்கில் அதே தஞ்சூரோ மறுபடி அவனாக வந்து நின்றார்.

எஜிமா தகாதோவில் 27 ஆண்டுகள் காவலில் இருந்து 1741-இல் இறந்தாள். அதே ஆண்டு, ஹிமெஜி கோட்டையின் பிரபு சகாகிபாரா மசமினேயின் குடும்பம், பனி கொட்டும் வடக்குத் தகாதாவுக்குத் தண்டனையாக மாற்றப்பட்டது. அவர் செய்த குற்றம், தகாவோ என்ற கணிகையின் கடனை அடைத்து அவளை அழைத்துவந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)