ஜீப்பில் இருந்தால் கண்டுகொள்ளாத சிங்கம், இறங்கி நடந்தால் என்ன செய்யும்? ஆப்பிரிக்க சஃபாரி பற்றி ஒரு விளக்கம்

2025 ஜூலையில் ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன.

முதல் செய்தி ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவிலிருந்து. வழிகாட்டிகளோடு நடை சஃபாரி சென்ற இரண்டு வெளிநாட்டுப் பெண்களை, குட்டியுடன் இருந்த பெண் யானை தாக்கியது. வழிகாட்டிகள் துப்பாக்கியால் சுட்டும் யானையைத் தடுக்க முடியவில்லை. இருவரும் உயிரிழந்தனர்.

இன்னொன்று தான்சானியாவின் செரெங்கேட்டியிலிருந்து. ஆற்றைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் கூட்டத்தைப் படம் எடுக்க, ஜீப்பிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பயணிகள் கரையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வழி கிடைக்காமல் விலங்குகள் தடுமாறும் வீடியோ வைரலாகி, கண்டனம் குவிந்தது.

அப்போ, ஜீப்பில் போவது பாதுகாப்பா? நடந்து போவதை ஏன் அனுமதிக்கிறார்கள்?

துப்பாக்கியில் தொடங்கி கேமராவுக்கு...

'சஃபாரி' என்றால் ஸ்வாஹிலி மொழியில் 'பயணம்'. அரபி மொழியின் 'சஃபர்'தான் இதற்கு வேர். காலனி ஆட்சிக் காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க வேட்டைக்காரர்களின் பயணங்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று டூர் பேக்கேஜ்களில் பார்க்கிற 'பிக் ஃபைவ்' என்ற சொல்லும் வேட்டைக்காரர்கள் கொடுத்ததுதான். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. நடந்துபோய் வேட்டையாட மிக ஆபத்தான ஐந்து விலங்குகள் இவை. உருவத்தில் பெரிய ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் பட்டியலில் இல்லாததற்கு இதுதான் காரணம். 1977இல் கென்யா வேட்டைக்குத் தடை போட்டது. துப்பாக்கி இருந்த இடத்துக்கு கேமரா வந்தது.

ஜீப்பில் இருப்பவர்களை சிங்கம் ஏன் தாக்குவதில்லை?

பூங்காவில் பிறந்து வளரும் சிங்கக்குட்டி, சிறு வயதிலிருந்தே வாகனங்களைப் பார்த்துப் பழகிவிடுகிறது. அவை இரையும் இல்லை, எதிரியும் இல்லை. உள்ளே இருப்பவர்களை அது தனித்தனி மனிதர்களாகப் பார்ப்பதில்லை, வண்டியோடு சேர்ந்த ஒரே உருவமாகத்தான் பார்க்கிறது என்கிறார்கள் வழிகாட்டிகள். அதனால்தான் 'எழுந்து நிற்காதீங்க, கையை வெளியே நீட்டாதீங்க' என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் எழுந்து நின்றாலே அந்த உருவம் உடைந்துவிடும்.

இடத்துக்கு இடம் விதிகள் மாறும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சொந்த காரிலேயே போகலாம். ஆனால் தார்ச் சாலையில் 50 கி.மீ., மண் சாலையில் 40 கி.மீ. வேகம்தான் உச்சம். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. அதையொட்டிய தனியார் காப்பகங்களில் திறந்த ஜீப். பானெட்டின் முன்னால் ஒரு சின்ன இருக்கை, அதில் உட்கார்ந்து தடம் பார்க்கும் டிராக்கர். கென்யாவின் மசாய் மாராவில், ஒரு சிங்கத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் 5 வாகனங்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. சீசன் நேரத்தில் அது காற்றில் பறப்பதும் உண்டு.

வண்டி ஒன்றும் இரும்புக்கோட்டை இல்லை. 2024இல் ஜாம்பியாவின் கஃபூவே பூங்காவில், ஜீப்பைத் துரத்தி வந்து ஒரு யானை கவிழ்த்ததில் அமெரிக்கப் பெண் ஒருவர் உயிரிழந்தார்.

நடை சஃபாரி எங்கே தொடங்கியது?

அதே லுவாங்வா பள்ளத்தாக்கில்தான். வனவிலங்குத் துறையில் பணியாற்றிய நார்மன் கார், 1950இல் இன்செஃபு என்ற உள்ளூர் தலைவரோடு சேர்ந்து அங்கே பொதுமக்களுக்கான சஃபாரி முகாமைத் தொடங்கினார். வருமானம் உள்ளூர் மக்களுக்குப் போனது. 'யானையைச் சுடுவதைவிடக் காட்டினால் லாபம்' என்ற கணக்கு அது. பின்னர் அவர் தொடங்கிய நடை சஃபாரி, இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

நடக்கும்போது என்ன நடக்கும்?

ஜாம்பியாவில் ஆயுதம் ஏந்திய வனக்காவலர் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. அவர் முன்னால், அடுத்து வழிகாட்டி, பின்னால் பயணிகள். எல்லோரும் ஒரே வரிசையில். பேச்சு குறைவு, பேசினாலும் கிசுகிசுப்புதான். க்ரூகரில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 8 பேர். 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை.

ஜீப்பில் கிடைத்த சலுகை தரையில் கிடையாது. இரண்டு காலில் நடந்துவரும் உருவம் விலங்குகளுக்கு நன்றாகத் தெரிந்த எதிரி. பெரும்பாலான விலங்குகள் தூரத்திலேயே பார்த்து ஓடிவிடும். நெருங்கிவிட்டால்தான் சிக்கல்.

அதனால் வழிகாட்டி முதலில் பார்ப்பது காற்றைத்தான். சின்னத் துணிப்பையில் சாம்பலை வைத்துத் தட்டினால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். யானைக்குப் பார்வை சுமார். மோப்பம் அபாரம். நம் வாசனை அதை எட்டாத பக்கமாகவே போக வேண்டும். புதரிலிருந்து ஆக்ஸ்பெக்கர் பறவை கத்திக்கொண்டு எழுந்தால், உள்ளே எருமை இருக்கலாம். சிங்கம் எதிரே வந்தால் ஓடவே கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஓடுவது இரை செய்கிற வேலை.

யானை காதை விரித்து, தூசி கிளப்பி, பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. அது பெரும்பாலும் வெறும் மிரட்டல். ஆனால் குட்டியோடு இருக்கும் தாய் யானையிடம் அந்தக் கணக்கு பலிக்காது. துப்பாக்கி கடைசி வழி மட்டுமே. ஓடிவரும் யானையை நிறுத்த ஓரிரு விநாடிகள்தான் இருக்கும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதே நல்ல வழிகாட்டியின் திறமை.

அப்படியிருந்தும் ஏன் நடக்கிறார்கள்? ஜீப்பில் தவறிப்போகும் காடு நடையில்தான் கிடைக்கும். இரவில் சிங்கம் போன தடம், சூடு ஆறாத யானைச் சாணம், கரையான் புற்று, மரப்பட்டையின் மருத்துவம்... ஒரு பெரிய விலங்கைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர்களும் நிறைவாகவே திரும்புகிறார்கள்.

போகத் திட்டமா? இதைக் கவனிங்க...

கென்யா போய்விட்டு இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தப்படலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடப்படுகிறது. மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நடை சஃபாரிக்கு ஏற்ற காலம், லுவாங்வாவில் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்கள். புல் குட்டையாக இருப்பதால் தூரத்திலேயே விலங்கு தெரியும். காக்கி, பழுப்பு நிற ஆடை நல்லது. நீலமும் கறுப்பும் செட்சி ஈக்களை ஈர்க்கும்.

முன்பதிவு செய்யும்போது ஹோட்டல் ரூம் பற்றி விசாரிப்பதுபோல, வழிகாட்டியின் உரிமம் பற்றியும் அனுபவம் பற்றியும் விசாரியுங்கள்.

முக்கியமாக இன்னொன்று. 'இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க' என்று டிரைவரை நெருக்காதீர்கள். அவருடைய வருமானத்தில் டிப்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. முடியாது என்று சொல்வது அவருக்கு எளிதல்ல. செரெங்கேட்டி ஆற்றங்கரையில் அன்று இறங்கியவர்கள், விதி தெரிந்த வழிகாட்டிகள் ஓட்டிவந்த வண்டிகளில் வந்தவர்கள்தான்.